குவித்துப் போட்ட ஒரு ஸ்பூன்

அக்டோபர் 4, சனி

உலகக்கா வந்துவிட்டாள். முழுப்பெயர் உலகம்மாள். என் பெரியம்மா மகள். சங்கரன்கோவிலிலிருந்து வந்திருக்கிறாள். நானும் அம்மாவும் கேட்விக் விமான நிலையம் போய் அழைத்து வந்தோம். கார் நிறுத்துமிடத்தில் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு விமானத்தை அது மேகத்துக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உலகு, இப்பத்தானே அதுக்குள்ளருந்து எறங்கின?" என்றாள் அம்மா.

"உள்ள இருந்தா அடிவயிறு தெரியாதுல்லா சித்தி."

அக்கா பைலட் ஆகப் போகிறாள். இங்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் சேருவதற்கு முன் மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கேதான் சிக்கல். அக்காவுக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை நோய். அவளுடையது முதல் வகை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை, சாப்பிடும்போதெல்லாம் ஊசி போட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு நம் ஊரில் இந்தச் சான்றிதழ் கிடைப்பது நடக்காத காரியமாம். பிரிட்டனில் ஏகப்பட்ட நிபந்தனைகளோடு கொடுக்கிறார்களாம். அதனால்தான் இவ்வளவு தூரம்.

கையில் ஒட்டியிருக்கும் சென்சாரைக் காட்டினாள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அவளுடைய சர்க்கரை அளவு போனில் ஒரு கோடாக ஓடிக்கொண்டே இருக்கிறது. என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தாள். அளவு ரொம்ப இறங்கினால் இரண்டு போனும் சேர்ந்து கத்தும். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. அப்பா வாரநாட்களில் வேலைக்காக லீட்ஸ் நகரில். ஆகவே மாலை முழுக்க நானும் அக்காவும்தான். என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். நான் தரையில் மெத்தை போட்டுக்கொண்டேன். தரையிலிருந்து பார்த்தால் அறை பெரிதாகத் தெரிகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

பெரியம்மா போன் செய்தார். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி கோமு, அவ பக்கத்துல இருக்காளா?"

"இல்ல பெரியம்மா, குளிக்கா."

"அப்பம் கேளு. பெட்டியில, தலைக்குத் தேய்க்க அரப்புத்தூள்னு எழுதி ஒரு பாக்கெட் வச்சிருக்கேன். அது அரப்பு இல்ல."

அது பச்சிலைப் பொடியாம். பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. மூன்று வருடமாக இந்தப் பொடியைத்தான் சாப்பிடுகிறார். மாத்திரை பாதியாகக் குறைந்துவிட்டதாம்.

"எனக்கு எறங்கிட்டுல்லா? எனக்குக் கேக்கது எம்மவளுக்குக் கேக்காதா? சொன்னா மூஞ்சியத் திருப்புதா. 'உன் சுகர் வேற, என் சுகர் வேற'ங்கா. சுகர்ல என்னட்டி ஒன் சுகர், எஞ் சுகரு?"

நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா சிரிக்கவில்லை.

"தாயி, டாக்டர் பாக்க வரைக்கும் போதும். தெனம் ராத்திரி சாப்பாட்டுல ஒரு ஸ்பூன். கறிவேப்பிலைப் பொடி குடுத்துவிட்டிருக்கேன், அதுகூடக் கலந்து சோத்துல போட்டுப் பிசைஞ்சு குடுத்துரு. ரெண்டும் ஒரே நெறம், ஒரே கசப்பு. ஒன்னைய நம்பித்தான் இருக்கேன். ஒங்கம்மாகிட்டச் சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பா. நீ வெவரமான புள்ள."

சரி என்றேன். என்னை யாரும் விவரமான பிள்ளை என்று இதுவரை சொன்னதில்லை. புத்தகப் புழு என்றுதான் சொல்வார்கள்.

அக்டோபர் 6, திங்கள்

போட்டேன். "பொடி இந்தத் தடவ அம்மா ரொம்பக் கசப்பா அரைச்சிருக்கு" என்றாள். ஆனால் முழுவதும் சாப்பிட்டாள்.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று அக்கா எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். மருத்துவப் பரிசோதனை இந்த மாதம் முப்பதாம் தேதி. சர்க்கரை அளவுகளின் பதிவை எல்லாம் எடுத்துப் போக வேண்டும். அளவு ஏறினால் தலைவலி, சோர்வு. அதையாவது சமாளிக்கலாம். இறங்கினால்தான் ஆபத்து. கை நடுங்கும், வியர்க்கும், அப்புறம் மூளை குழம்பிவிடும். அப்படி இறங்கும்போது தானே குளுக்கோஸ் மாத்திரையை மென்று சரிசெய்துகொண்டால் பரவாயில்லை. இன்னொரு ஆள் வந்து காப்பாற்ற வேண்டிய நிலை வந்திருந்தால், அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குச் சான்றிதழைப் பற்றிப் பேச்சே கிடையாது.

"ஒனக்கு அப்படி வந்திருக்காக்கா?"

"பத்தாங் கிளாஸ்ல ஒருக்க. அதுக்கப்புறம் ஒரு தடவகூட இல்ல. தொடு மரத்த."

தொடுவதற்கு மரம் இல்லை. எங்கள் மேசை பிளாஸ்டிக். இருவரும் கதவைத் தொட்டோம்.

பிறகு ஒரு விளையாட்டு. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது பைலட். அவள் ஒவ்வொரு கருவியாகப் பெயர் சொல்லுவாள், நான் திருப்பிச் சொல்லி 'சரி' என்று முடிக்க வேண்டும். என் வகுப்பில் யாரும் இப்படி என்னோடு உட்கார்ந்து விளையாடியதில்லை. மூன்று வருடமாக மதிய உணவு நேரத்தில் நான் நூலகத்தில்தான் இருக்கிறேன். அங்கே இருப்பது எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்றுதான் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவின் கோடு சரிந்துகொண்டே போகிறது. மூன்று நாளாக இப்படி. "ஊரு மாறினா ஒடம்பும் மாறுமோ" என்று யோசித்தவள், இரவு ஊசியின் அளவைக் குறைத்துவிட்டாள். குறைந்த இன்சுலினே போதுமானதாக இருக்கிறது என்றால் அது நல்ல செய்திதானே? பெரியம்மாவிடம் சொன்னேன். போனிலேயே முத்தம் கொடுத்தார். "சங்கரநாராயணா, எம்புள்ள பொழைச்சிட்டா" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

காலையில் பள்ளிக்கூடம். தீபாவளியன்று இயற்பியல் தேர்வு வைக்கிற நாடு இது. மாலையில் அம்மா விடுப்பு எடுத்து அதிரசம் சுட்டாள். சோறு சாப்பிட்டு முடித்த கையோடு அக்கா கணக்குப் போட்டு, அதற்குரிய ஊசியும் போட்டுக்கொண்டு, ஒரு அதிரசத்தில் பாதியைக் கடித்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

"சித்தி, வெல்லம் போட்டியளா?"

"ஏன்?"

"சவசவன்னு இருக்கு. அட்டையத் தின்ன மாதிரி."

அம்மா ஒன்றை எடுத்துக் கடித்தாள். நானும் கடித்தேன். தேனாக இனித்தது.

"பொய் சொல்லாத உலகு, ரெண்டு அச்சு வெல்லம் போட்டிருக்கேன்."

"சளி புடிச்சிருக்கும் போல" என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டாள். ஊசி போட்டாயிற்றே, சாப்பிடாமல் விட்டால் இறங்கிவிடுமே என்று பழச்சாறு குடித்தாள். குடித்துவிட்டு, "இதும் புளிக்கத்தான் செய்யி" என்றாள். நாக்கைக் கண்ணாடியில் நீட்டிப் பார்த்தாள்.

அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் பெரியம்மாவுக்குப் போன் செய்து அது என்ன இலை என்று கேட்டேன்.

"சிறுகுறிஞ்சான். எதுக்குட்டி?"

"சும்மாத்தான்."

மதியம் நூலகத்தில் தேடினேன். அந்த இலையை மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாதாம். சீனியைப் போட்டால் மணல் மாதிரி இருக்குமாம். எவ்வளவு ஆச்சரியமான விஷயம்! அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. இன்சுலின் போடுகிறவர்கள் இதைச் சாப்பிட்டால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும், மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். மணி அடித்துவிட்டது.

இன்று பொடி போடவில்லை. வெறும் கறிவேப்பிலைப் பொடிதான். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவள் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம். போடுவதைத்தான் நிறுத்திவிட்டேனே.

அக்டோபர் 23, வியாழன்

இன்றும் போடவில்லை. அக்காவின் கோடு ஏறிவிட்டது. "என்ன எழவுடா இது, நேத்துலருந்து தலைகீழா நிக்கி" என்று தன் கையையே திட்டினாள். குறைத்த ஊசியை நாளையிலிருந்து பழைய அளவுக்குக் கொண்டுபோகப் போகிறாளாம்.

பெரியம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டார், போட்டாயா என்று. "ம்" என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

அரைப்பருவ விடுமுறை தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அக்கா சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். பயிற்சிப் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்துவிட்டதாம். இங்கிருந்து இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே போய்விடலாமாம். அறையின் படத்தைக் காட்டினாள். ஜன்னலில் ஓடுபாதை தெரிகிறது.

"பொங்கல் வரைக்கும் இருப்பேன்னு சொன்னியேக்கா."

"அதான் சீக்கிரமே அமைஞ்சிட்டுல்லா! ஒனக்கும் ஒங்கட்டில் திரும்பக் கெடைச்சிரும். தரையில கெடந்து சளி புடிச்சுக் கெடக்க."

எனக்குச் சளி இல்லை. கட்டிலும் வேண்டாம்.

பிறகு சோறு வைத்தேன். பொடி போட்டேன். பெரியம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், நேற்றும் முந்தாநாளும் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது, பெரியவர்களிடம் பொய் சொல்வது சரியில்லை. அதனால்தான். ஒரு ஸ்பூன்தான். கொஞ்சம் குவிந்த ஸ்பூன்.

அக்கா கூப்பிடுகிறாள். பால் வாங்க நடந்து போகிறோம்.

அக்டோபர் 25, சனி

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் வழியில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இரண்டு போனும் கத்தின. அக்கா பையிலிருந்து குளுக்கோஸ் மாத்திரைகளை எடுத்து வாயில் போட்டு மென்றாள். முகம் கோணியது. "சுண்ணாம்பு" என்று சொல்லித் துப்பிவிட்டாள். இன்னொன்று போட்டாள். அதையும் துப்பினாள். "இது மாத்திரை இல்லட்டி, எவனோ ஏமாத்திட்டான்" என்று மாத்திரைக் குழலையே சாலையில் விட்டெறிந்தாள். அவள் குரல் வேறு யாருடைய குரலோ போல இருந்தது. அது இனிப்புத்தான், முழுங்கிவிடு என்று நான் கத்தினேன். அவள் மாத்திரையை ஏன் துப்பினாள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பையில் குளுக்கோஸ் ஜெல் ஒரு குழாய் இருந்தது. அதைக் கன்னத்துக்குள் பிதுக்கினேன். என்னைத் தள்ளினாள். நெற்றியில் வியர்வை ஓடியது. பிறகு கால் மடங்கி அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தாள். வந்து நின்ற பேருந்தின் ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து அவள் தலையைத் தாங்கிக்கொண்டார். பயணிகள் யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆம்புலன்ஸில் வந்த பெண் தொடையில் ஓர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணை நன்றாகத் திறந்து, எல்லோரையும் பார்த்து, "எத்தன பேர் வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். அந்தப் பெண், "நாங்கள் இரண்டு பேர், பேருந்து ஓட்டுநர், உன் தங்கை" என்று அன்பாகச் சொன்னார்.

அக்கா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் கேட்டது எதற்காக என்று எனக்கு மட்டும்தான் புரிந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

மதியம், அம்மா அக்காவின் தலைக்கு எண்ணெய் தேய்த்தபடியே மெதுவாக ஆரம்பித்தாள்.

"உலகு, வெள்ளிக்கிழமை நடந்தத அந்த டாக்டர்ட்டச் சொல்லணும்னு இருக்கா? ரோட்டுல நடந்தது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா சித்தி."

"ஒரு வருசம் போயிருமேட்டி."

"சொல்லாமப் போயி, பின்னால நூத்தம்பது பேர உக்கார வச்சுக்கிட்டு மேல போயி இப்படிச் சாஞ்சேன்னா?"

அக்கா அப்போதே மருத்துவ மையத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டாள். வியாழக்கிழமை எப்படியும் வந்து பேசுங்கள் என்று அவர்கள் பதில் போட்டிருக்கிறார்கள்.

மாலையில் புதுக் குளுக்கோஸ் மாத்திரை ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்ததாம். நான் சாலையிலிருந்து பொறுக்கி வந்திருந்த பழைய குழலில் மிச்சம் இருந்ததையும் வைத்துப் பார்த்தாள். அதுவும் இனித்ததாம். எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னாள்:

"ஒடம்பு ஏமாத்தினா சென்சார் சொல்லும். சென்சார் ஏமாத்தினா நாக்கு சொல்லும்னு இருந்தேன். இப்பம் நாக்கும் பொய் சொல்லுதுட்டி. இனிமே எத நம்பி மேல போவேன்?"

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை நாலு தடவை மடித்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

ஊருக்குத் திரும்பிப் போக விமானம் பார்க்கிறாள். பெரியப்பாவின் உரக்கடையில் உட்கார்ந்துவிடுவாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அம்மா வேலைக்குப் போனதும் அரப்புத்தூள் பாக்கெட்டைக் கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்தேன். பெரியம்மா போனில் சொன்னது, சிறுகுறிஞ்சான், கறிவேப்பிலைப் பொடி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தாலும் சரி என்றிருந்தேன். அவள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எப்போதிலிருந்து? தினமுமா? எவ்வளவு? எந்தெந்த நாள் போடவில்லை? நான் சொல்லச் சொல்லத் தன் போனில் பழைய கோடுகளைத் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் பொருந்தியது. இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் ஏறியது, இருபத்துநாலு விழுந்தது.

பேனாவை வைத்தாள். அவள் கண்ணில் நீர் வந்தது.

"அப்பம் என் நாக்கு பொய் சொல்லல."

"இல்லக்கா."

"என் ஒடம்பு ஒழுங்காத்தான் இருந்திருக்கு."

"ஆமாக்கா."

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள். "மூணு ஏர்போர்ட்டு! கஸ்டம்ஸ்காரன் கேட்டதுக்கு 'ஹேர் வாஷ்'னு நானே சொன்னேன்ட்டி! எங்கம்மா என்னயே கடத்தல்காரி ஆக்கிட்டா பாரு!"

நானும் சிரித்தேன். அப்போது அக்கா கேட்டாள்:

"இது இன்சுலின்கூடச் சேந்தா ஆபத்துன்னு ஒனக்கு எப்பம் தெரியும்?"

"நேத்துத்தான்" என்றேன். "நேத்துத்தான் படிச்சுப் பாத்தேன்."

"அப்பம் ரெண்டு நாள் ஏன் போடல?"

"மறந்துட்டேன்."

தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அக்டோபர் 30, வியாழன்

மருத்துவ மையத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் சொன்னால்தான் டாக்டர் நம்புவார் என்றாள். முதலில் கண், காது, இதயம், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். காது சோதிக்கும் அறைக்குள் அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் அழுத்தும்போது புருவம் இரண்டும் மேலே போகும். பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

டாக்டர் லாரிமர் வயதானவர், வெள்ளைக் குட்டைமுடி. அக்காவின் கோடுகளை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் பொடியைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

"இது ஆபத்து என்று உனக்குத் தெரியுமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னாள். அவளுடைய ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அவளுக்குத் தெரியாது. தெரிந்த மறுநாளே என்னிடம் வந்து சொல்லிவிட்டாள். அவளுக்கு நான் பொறுப்பு." டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். அவர் பேனா ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிவு இதுதான். மறுப்பு இல்லை, ஆனால் சான்றிதழும் இல்லை. விழுந்ததற்கு வெளிக்காரணம் இருப்பதால் ஒரு வருட நிபந்தனையைப் பற்றி அவர் குழுவில் பேசிப் பார்ப்பார். அதற்கு முன் அந்தப் பொடி இல்லாமல் மூன்று மாதப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். சர்க்கரை நிபுணரின் கடிதமும் வேண்டும். ஜனவரி முடிவில் மறுபடி வரவேண்டும்.

வெளியே வந்ததும் அக்கா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "நீ சொல்லலேன்னா நான் கடையில யூரியா எடை போட்டுக்கிட்டு இருந்திருப்பேன். அந்த ரூம வேண்டாம்னு சொல்லிரப் போறேன். மூணு மாசம் இனி ஒங்கூடத்தான்ட்டி. பொங்கல் ஒங்கூடத்தான், சந்தோசமா?"

நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது.

அக்டோபர் 31, வெள்ளி

அந்த அறையின் சொந்தக்காரருக்கு நாளைக்கு எழுதப் போகிறாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் அக்காவே சொன்னாள், என்னைத் திட்டக் கூடாது என்ற உறுதியை வாங்கிக்கொண்டு. பெரியம்மாவிடம் மட்டும், முடிவு ஜனவரியில்தான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நவம்பர் 1, சனி

காலையில் அக்கா சமையலறை மேசையில் அந்த மின்னஞ்சலை எழுதிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"அக்கா, 'நேத்துத்தான் படிச்சேன்'னு அன்னைக்குச் சொன்னேன்லா, அது பொய். நான் சொன்னதுக்கு முந்தின நாள் இல்ல. புதன்கிழமையே தெரியும். இருபத்திரண்டு."

அவள் கை நின்றது.

"அதான் ரெண்டு நாள் போடல. மறக்கல."

"அப்பம் வெள்ளிக்கிழமை?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

அவள் முகத்தில் என்னென்னவோ மாறியது. எனக்கு அதையெல்லாம் எழுதத் தெரியவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் செத்துப் போயிருப்பேன் கோமு."

"ஆமாக்கா."

"ஏன்ட்டி?"

நான் மேசையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவள் காத்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்து, "டாக்டர்ட்ட நான் பொய் சொல்லியிருக்கேன். தெரியாமச் சொன்னாலும் பொய்தான். திங்கக்கெழம போன் போட்டு மாத்திச் சொல்லணும். நீயும் இருக்கணும்" என்றாள். அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டாள்.

நவம்பர் 3, திங்கள்

பள்ளி விட்டதும் ஓடிவந்தேன். போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். டாக்டர் லாரிமர் வந்தார். அக்கா, வியாழக்கிழமை சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது என்று தொடங்கி, தேதி முதற்கொண்டு சரியாகச் சொன்னாள்.

"உன் தங்கை அங்கே இருக்கிறாளா?"

இருக்கிறேன் என்றேன்.

"தெரிந்த பிறகும் ஏன் கொடுத்தாய்?"

எனக்கு ஆங்கிலம் அக்காவைவிட நன்றாகவே வரும். வகுப்பில் கட்டுரைப் போட்டியில் நான்தான் முதல். ஆனாலும் அக்காவைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னேன். அவளுக்கும் அப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

"நீ போயிருவன்னு. நீ போயிட்டா எனக்கு இங்க யாருமே இல்ல. கொஞ்சம் தள்ளிப் போனாப் போதும்னு இருந்திச்சு. ஒனக்கு இப்படி ஆகணும்னு நெனைக்கல. ஆனா போட்டேன்."

அக்கா போனைப் பார்த்துக் குனிந்தாள். மொழிபெயர்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு வாக்கியமாக. ஒன்றையும் மென்மையாக்கவில்லை. ஒன்றையும் விடவுமில்லை. 'யாருமே இல்ல' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறி, மறுபடி தொடங்கிச் சொல்லி முடித்தாள்.

"அவளுக்கு என்ன வயது?" என்றார் டாக்டர்.

"பதினான்கு."

அவர் நன்றி சொன்னார். திருத்தத்தைச் சேர்த்துவிடுவதாகவும், மூன்று மாதப் பதிவு என்பதில் மாற்றமில்லை என்றும் சொன்னார். குழு என்ன முடிவு எடுக்கும் என்று அவரால் உறுதி கொடுக்க முடியாதாம். உன் சாப்பாட்டை நீயே கவனித்துக்கொள்வது நல்லது என்றும் அக்காவிடம் சொன்னார்.

"சரி டாக்டர்" என்றாள் அக்கா.

நவம்பர் 5, புதன்

தன் தட்டைத் தானே போட்டுக்கொள்கிறாள். அரிசி களைவதிலிருந்து எல்லாம் அவளே. நான் சமையலறைக்குள் போனால் பேச்சை நிறுத்துவதில்லை. ஆனால் பாத்திரத்தை மூடிவிடுகிறாள்.

நவம்பர் 8, சனி

அக்கா அந்த அறைக்கே போய்விட்டாள். மூன்று மாதமும் அங்கேதான் இருக்கப் போகிறாள். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "கோவமில்ல சித்தி. பதிவு சுத்தமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். கோபம் இல்லை என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. நம்பும்படி அவள் சொல்லவுமில்லை.

ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். ரயில் வருவதற்குள் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாள். முதலாவது, பள்ளியில் மதிய நேரம் நூலகத்தில் இல்லாமல் யாராவது ஒருத்தியோடாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"ரெண்டாவது, எங்கம்மாட்ட நீதான் சொல்லணும். நான் சொன்னா, 'டாக்டர் பேச்சக் கேட்டு ஆடுதா'ன்னு நெனைக்கும். அடுத்த பொடிய இன்னொரு ஆள் கையில குடுத்தனுப்பும். நீ சொன்னாத்தான் நம்பும். நடந்தது எல்லாத்தையும் சொல்லு. ஒன் பங்கையும் சேத்து."

"பெரியம்மா தாங்க மாட்டாங்கக்கா."

"தாங்கணும். நான் தாங்கலையா?"

ரயில் வந்தது. ஏறி, ஜன்னலருகே உட்கார்ந்து, கையை ஒரே ஒரு தடவை அசைத்தாள்.

வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் போனை எடுத்தேன். ஊரில் அப்போது சாயங்காலம். பின்னால் பால்காரரின் மணிச் சத்தம் கேட்டது. பெரியம்மாவுக்கு என் பெயரைப் பார்த்ததுமே குரல் பொங்கிவிட்டது.

"ஏ என் ராசாத்தி! பொடி தீந்துட்டாட்டி? நான் இன்னும் ஒரு கிலோ அரைச்சு வச்சிருக்கேன், ஆள் வந்தாக் குடுத்துவிட வேண்டியதுதான்."

"பெரியம்மா," என்றேன். "கொஞ்சம் உக்காந்துக்கோங்க."